தோட்டத்து விளைச்சலையும் வீட்டு ஊறுகாயையும் விற்கத் தொடங்குவோருக்கு: கொங்குப் பகுதிக் குடும்பங்களுக்கான படிப்படியான வழிகாட்டி

தாராபுரத்துக்கும் மூலனூருக்கும் இடையே எங்களுக்கு நான்கு ஏக்கர் தோட்டம் இருக்கிறது. முருங்கை, மிளகாய், நிலக்கடலை ஆகியவற்றோடு வரப்போரத்தில் நெல்லியும் எலுமிச்சையும் நிற்கின்றன. 2022ஆம் ஆண்டு சித்திரையில், பறிகூலிக்குக்கூடக் கட்டாத விலைக்குப் பச்சை மிளகாய் போனபோது, என் மாமியார் நான்கு மூட்டை மிளகாயைச் சந்தைக்கு அனுப்பாமல் மோரில் ஊறப் போட்டார். அந்த மோர்மிளகாயிலிருந்துதான் எங்கள் விற்பனை தொடங்கியது. ஆனால் முறைப்படி பதிவு எண்ணுடன் முதல் பாக்கெட்டை விற்பதற்கு எங்களுக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. அவற்றில் பாதி, செய்ய வேண்டியவற்றை முன்பின் மாற்றிச் செய்ததால் வீணானவை. நீங்கள் கீழே உள்ள வரிசையில் போனால் மூன்று, நான்கு மாதங்களில் விற்பனைக்கு வந்துவிடலாம்.

1. இரண்டே பொருள்களைத் தேர்ந்தெடுங்கள்

வீட்டில் இருபது வகை போடத் தெரியும் என்பதற்காக இருபதையும் விற்க நினைக்காதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனி லேபிள், தனிக் கணக்கு, தனிக் கெடுநாள் சோதனை என்று வேலை பெருகும். முதல் ஆண்டுக்கு ஓர் உலர்பொருளும் ஓர் ஊறுகாயும் போதும்.

தேர்ந்தெடுக்கும்போது உங்கள் தோட்டத்தின் பருவத்தை முதலில் பாருங்கள். மாவடு மாசி, பங்குனியிலும், மாங்காய் ஊறுகாய் சித்திரை, வைகாசியிலும் போடுபவை. வற்றல், வடகம், மோர்மிளகாய்க்கு மாசி முதல் சித்திரை வரையிலான வெயில்தான் நம்பகமானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மோர்மிளகாய் போட்டு, இரண்டு நாள் மூட்டத்தில் முழுவதும் பூஞ்சணம் பிடித்துக் குப்பைக்குப் போனதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனி, ஆடியில் வெயில் இருந்தாலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று செம்மண் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து பாயில் கொட்டிவிடும். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

2. தண்ணீரைச் சோதியுங்கள்

பாட்டில், மிக்சி, இயந்திரம் எதையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இது. நம் பகுதியில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல இடங்களில் உப்பாக இருக்கிறது. நொய்யல் கரையை ஒட்டிய ஊர்களில் சாயக்கழிவின் பாதிப்பும் உண்டு. குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீராதாரம் இல்லாதபோது 2,000 வரை ஏற்கப்படுகிறது. எங்கள் ஆழ்குழாய் நீர் 2,300 காட்டியது. ஆகவே கழுவும் நீர், ஊறவைக்கும் நீர் இரண்டுக்கும் சுத்திகரிப்பு இயந்திரம் வைக்க வேண்டியதாயிற்று.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளலாம். வேதியியல் சோதனை, கிருமிச் சோதனை இரண்டையும் கேளுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே தரும் தூய்மையான பாட்டிலில்தான் நீர் பிடிக்க வேண்டும். பிடித்த நீரைக் குளிர்ச்சியாக வைத்து அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வீட்டில் கிடந்த தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனதால் முதல்முறை எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள்; உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆய்வுக்கு வரும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

3. நில ஆவணங்களைச் சரிசெய்யுங்கள்

சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகிய நான்கிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். தோட்டம் இன்னும் மாமனார் பெயரிலோ கூட்டுப் பட்டாவிலோ இருந்தால், பொருளைத் தயாரிக்கும் இடத்தைப் பயன்படுத்திக்கொள்ள அவர் எழுதித் தரும் ஒப்புதல் கடிதமும், அந்த வீட்டின் மின் கட்டண ரசீதும் தேவைப்படும். சிறு, குறு விவசாயிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வையுங்கள். மானியம் கேட்கப் போகும்போது அது கையில் இல்லாவிட்டால் மீண்டும் ஒரு நடை நடக்க வேண்டும்.

4. உணவுப் பாதுகாப்புப் பதிவு

உங்கள் தோட்டத்தில் விளைந்த காய், பழம், கீரையை அப்படியே விற்பதற்கு இந்தப் பதிவு வேண்டியதில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, விவசாயியையும் அவர் தோட்ட அளவில் விளைவிக்கும் பொருளையும் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அதையே நீங்கள் அரைத்து, ஊறவைத்து, எண்ணெயிலிட்டு, பாக்கெட்டில் அடைத்து விற்கும்போது பதிவு கட்டாயம். ஒரு கிலோ என்றாலும், தெரிந்தவர்களுக்கு மட்டும் என்றாலும், வாட்ஸ்அப்பில் மட்டும் விற்றாலும் கட்டாயம்தான்.

நாங்கள் பதிந்த 2023ஆம் ஆண்டில், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள்ளும், உற்பத்தி நாளொன்றுக்கு 100 கிலோவுக்குள்ளும் இருப்பவர்களுக்கு எளிய பதிவு போதுமானதாக இருந்தது. கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அதற்கு மேற்பட்டவர்கள் மாநில உரிமம் பெற வேண்டியிருந்தது. விண்ணப்பிக்கும் நாளில் வரம்பையும் கட்டணத்தையும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். புகைப்படம், அடையாளச் சான்று, தயாரிக்கும் இடத்தின் முகவரிச் சான்று ஆகியவற்றை வைத்து நீங்களே கைப்பேசியில் விண்ணப்பிக்கலாம்.

இங்கே இரண்டு இடங்களில் கவனம் தேவை. முதலாவது, இடைத்தரகர். ஆண்டுக்கு 100 ரூபாய் செலவாகும் பதிவுக்கு எங்களிடம் ஒருவர் 3,500 ரூபாய் வாங்கினார். அவர் விண்ணப்பத்தின் முகவரியில் ஊராட்சியின் பெயரையும் தவறாகப் பதிந்துவிட்டார். அதைத் திருத்த ஐந்து வாரம் ஆனது. இரண்டாவது, பொருளின் வகை. விண்ணப்பத்தில் ஊறுகாய் என்று மட்டும் குறித்துவிட்டு வற்றலையும் பொடியையும் விற்றால், பதிவு இருந்தும் இல்லாததற்குச் சமம். விற்கப்போகும் ஒவ்வொரு வகையையும் விண்ணப்பிக்கும்போதே குறித்துவிடுங்கள். பதிவு கிடைத்ததும் 14 இலக்க எண் வரும். அது வரும்வரை எதையும் அச்சடிக்காதீர்கள்.

5. மின் இணைப்பு

இதை எங்களுக்கு யாரும் முன்னதாகச் சொல்லவில்லை. கிணற்று மோட்டாருக்குக் கிடைக்கும் இலவச விவசாய மின் இணைப்பிலிருந்து ஒரு வயரை இழுத்து மாவரைக்கும் இயந்திரத்தையோ உலர்த்தியையோ ஓட்டினால், அது மின் திருட்டுக்கு இணையான முறைகேடாகக் கருதப்படும்; அபராதம் ஓர் ஆண்டு லாபத்தையே விழுங்கிவிடும். வீட்டு இணைப்பில் வியாபாரத்துக்காக இயந்திரம் ஓட்டுவதும் சரியல்ல. குடிசைத் தொழில்களுக்கும் குறுந்தொழில்களுக்கும் 12 கிலோவாட் வரையிலான இணைப்புக்கு 3ஏ(1) என்ற தனிக் கட்டண வகை இருக்கிறது. உத்யம் எனும் மத்திய அரசின் சிறு, குறுந்தொழில் பதிவுச் சான்றை (அடுத்த படியில் வருகிறது) காட்டி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் அந்த வகையிலேயே கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் கட்டணம் கூடுதலான வணிக இணைப்பைக் கொடுத்துவிட வாய்ப்புண்டு.

6. உத்யம், எடையளவு, ஜிஎஸ்டி

உத்யம் பதிவு முழுக்க இலவசம். ஆதாரும் பான் அட்டையும் இருந்தால் அரை மணி நேர வேலை. தேடினால் முதலில் வரும் தனியார் தளங்கள் அரசுத் தளம் போலவே தோற்றமளித்துப் பணம் கேட்கும். பணம் கேட்டாலே அது அரசுத் தளம் அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பொருளை முன்கூட்டியே எடைபோட்டு அடைத்து விற்பவர்கள், தொடங்கிய 90 நாள்களுக்குள் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் பதிய வேண்டும். கட்டணம் 500 ரூபாய். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும். இணையத்தில் 900 ரூபாய்க்குக் கிடைக்கும் சமையலறைத் தராசுக்கு முத்திரை வைக்க மாட்டார்கள்.

ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, பொருள் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஆனால் அந்தச் சலுகை மாநிலத்துக்குள் விற்பவர்களுக்குத்தான். பெங்களூரில் இருக்கும் உறவினரின் நண்பருக்கு இரண்டு பாட்டில் ஊறுகாயைக் கூரியரில் விலைக்கு அனுப்பினால்கூட, அது வரிக்குரிய பொருளை வெளிமாநிலத்துக்கு விற்பதாகும். அதற்கு விற்றுமுதல் எவ்வளவாக இருந்தாலும் பதிவு வேண்டும். கோவையிலிருந்து பாலக்காடு ஒரு மணி நேரத் தூரம்தான் என்பதால் இதில் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

பதப்படுத்திய பொருளின் வருமானம் விவசாய வருமானமாகாது. ஆகவே அதற்குத் தனி வங்கிக் கணக்கைத் தொடங்கிவிடுங்கள்.

7. தயாரிப்பு: கைப்பக்குவத்தை அளவாக மாற்றுங்கள்

என் மாமியார் உப்பை அளந்து போட்டதே இல்லை. உள்ளங்கையைக் குவித்து எடுப்பார், எப்போதும் சரியாக இருக்கும். ஆனால் நான் எடுத்தால் சரியாக இராது; கூலிக்கு வரும் அம்மாள் எடுத்தால் அதுவும் வேறாக இருக்கும். விற்பனைக்கென்று வந்த பிறகு, அவர் எடுத்த ஒவ்வொரு பிடியையும் தராசில் வைத்து, ஐந்து முறை போட்டு, சராசரியை நோட்டில் எழுதினோம். அந்த நோட்டு இல்லாமல் தொழில் இல்லை.

உப்புநீரில் ஊறும் மாவடு போன்றவற்றில் உப்பு குறைந்தது 12 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. உப்பைக் குறைத்துப் போட்டால் உடலுக்கு நல்லது என்று வாடிக்கையாளர் கேட்பார். குறைத்தால் கெட்டுப்போகும் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். தொக்கு வகைகளில் புளிப்பின் அளவு முக்கியம். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4.6க்குக் கீழே இருந்தால்தான், காற்றில்லாத பாட்டிலுக்குள் உயிரைப் பறிக்கும் நச்சை உண்டாக்கும் கிருமி வளராது. தக்காளி இந்த எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் ஊசலாடும் காய். பெங்களூர்த் தக்காளியை மட்டும் நம்பாமல் புளியோ எலுமிச்சையோ சேர்த்து, ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் பிஎச் மீட்டரில் அளந்து எழுதுங்கள். பூண்டை வெறும் எண்ணெயில் ஊறவைத்து விற்பதை அறவே தவிர்த்துவிடுங்கள்.

எங்களுக்கு நேர்ந்த பெரிய தவறு பாட்டிலில்தான். நெல்லிக்காய் ஊறுகாய்க்கு 120 பாட்டில்களை வெந்நீரில் கொதிக்கவைத்தோம். மழைக்காலம் என்பதால் வீட்டு ஆசாரத்தில் (முன்கூடத்தில்) துணிமேல் கவிழ்த்து வைத்து மறுநாள் அடைத்தோம். பாட்டிலின் தோளுக்குள், வளைவில், கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு சொட்டு நீர் நின்றிருக்கிறது. மூன்றாவது வாரம் ஈரோட்டிலிருந்து ஒரு அம்மாள் அழைத்து, "ஏனுங்க, மேல வெள்ளையா படிஞ்சிருக்குதுங்களே, குழந்தைங்க சாப்பிடற வீடுங்க" என்றார். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. 120 பாட்டில்களையும் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுத்தோம். இப்போது பாட்டிலை வெயிலிலோ மின்சார ஓவனிலோ முழுக்கக் காயவைத்து, உட்பக்கத்தைத் தூய காகிதத்தால் துடைத்துப் பார்த்து, ஈரம் ஒட்டவில்லை என்றால்தான் அடைக்கிறோம். ஊறுகாய்க்கு மேல் அரை சென்டிமீட்டராவது எண்ணெய் நிற்க வேண்டும். பழைய மூடிகளைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

உலர்த்துவதற்குக் களத்தில் நேரடியாகக் கொட்டாதீர்கள். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் வலைத்தட்டு அமைத்து, மேலே கொசுவலை போடுங்கள். நிலக்கடலை, மிளகாய் இரண்டும் ஈரத்தோடு மூட்டையில் அடைபட்டால் பூஞ்சை நஞ்சு உண்டாகும். அது வறுத்தாலும் முழுதாகப் போகாது. வசதி வந்தபின் வேளாண்மைப் பொறியியல் துறையில் சூரியக் கூடார உலர்த்திக்கு மானியம் கேளுங்கள்.

பயிற்சிக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் அறுவடைப்பின் தொழில்நுட்ப மையமும், கோபி, காரமடை ஆகிய ஊர்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களும் பதப்படுத்தும் பயிற்சி தருகின்றன. மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். தான் காலங்காலமாகச் செய்வதற்கான காரணத்தை அவர் அங்கே கேட்டு மகிழ்ந்ததைப் பார்த்தேன்.

8. லேபிள்: பணம் அதிகம் வீணாகும் இடம்

எங்கள் முதல் லேபிள் அழகான தமிழில், பதிவு எண் வருவதற்கு முன்பே, 2,000 எண்ணிக்கையில் அச்சானது. அனைத்தும் வீண். கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும் என்பதும், தமிழைக் கூடுதலாகத்தான் சேர்க்கலாம் என்பதும் எங்களுக்குத் தெரியாது. முதல் தடவை 200க்கு மேல் அச்சடிக்காதீர்கள்.

லேபிளில் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், சேர்மானங்கள், எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டமாகிய சைவக் குறி, நிகர எடை, தயாரித்தவர் பெயரும் முழு முகவரியும், உணவுப் பாதுகாப்புச் சின்னமும் 14 இலக்க எண்ணும், தொகுதி (பேட்ச்) எண், தயாரித்த நாள், எந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, அனைத்து வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலை, ஒரு கிராமுக்கு என்ன விலை என்பது, புகார் சொல்லத் தொலைபேசி எண். ஊட்டச்சத்து விவரத்துக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்க எங்களுக்கு ஒரு பொருளுக்கு ஏறத்தாழ 5,000 ரூபாய் ஆனது. ஒவ்வாமை தரும் பொருள்களைத் தனியாகக் குறிக்க வேண்டும்: மோர்மிளகாயில் பால், பருப்புப் பொடியில் நிலக்கடலை. இதை மறந்துவிடாதீர்கள், யாரோ ஒரு குழந்தையின் உயிர் சம்பந்தப்பட்டது.

முருங்கைக்கீரைப் பொடி விற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சர்க்கரை நோய் தீரும், மூட்டுவலி போகும் என்று லேபிளிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதாதீர்கள். தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சான்று இல்லாமல் இயற்கை வேளாண் சின்னத்தையும் போடக்கூடாது. அங்ககச் சான்றளிப்புத் துறையின் தலைமை அலுவலகம் கோவையிலேயே இருக்கிறது. ஓராண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டுகள், பல்லாண்டு மரங்களுக்கு மூன்று ஆண்டுகள் இயற்கை முறைக்கு மாறும் காலம் என்பதால், எண்ணம் இருந்தால் இன்றே விண்ணப்பித்து வையுங்கள்.

9. விலை: வீட்டார் உழைப்புக்கும் கூலி போடுங்கள்

சென்ற பங்குனியில் நாங்கள் போட்ட மோர்மிளகாய்க் கணக்கை அப்படியே தருகிறேன். பச்சை மிளகாய் 10 கிலோ, சந்தை விலைக்கு 400 ரூபாய். தயிர் 4 லிட்டர், 200 ரூபாய். உப்பு 20. கீறி, ஊறவைத்து, ஐந்து நாள் காயவைத்து அள்ளிய உழைப்பு 600. காய்ந்தபின் கிடைத்தது ஒன்றே முக்கால் கிலோ. அதில் நூறு கிராம் பாக்கெட் 17 வந்தது. பையும் லேபிளும் பாக்கெட்டுக்கு 6 என 102 ரூபாய். ஆக மொத்தம் 1,322 ரூபாய். ஒரு பாக்கெட்டின் அடக்கவிலை 78 ரூபாய். இதைத்தான் முதல் ஆண்டு முழுவதும் 50 ரூபாய்க்கு விற்றோம். மிளகாய் நம்முடையது, தயிர் நம் மாட்டுடையது, உழைப்பு நம் வீட்டாருடையது என்று எதையும் கணக்கில் சேர்க்காததுதான் காரணம். மிளகாயைச் சந்தையில் விற்றால் கிடைத்திருக்கும் பணத்தையும், மாமியார் வெயிலில் குனிந்து நின்ற நேரத்தையும் செலவாக எழுதுங்கள். கடைக்காரர் நூற்றுக்கு 25 முதல் 30 வரை கேட்பார் என்பதையும் சேர்த்தே அதிகபட்ச விலையைப் போடுங்கள்.

10. எங்கே விற்பது

பச்சைக் காய்கறிக்கு உழவர் சந்தைதான் சிறந்தது. கடைக்கு வாடகை இல்லை, தராசும் அவர்களே தருவார்கள். சிட்டா, அடங்கல், ஆதார், புகைப்படம் கொடுத்தால், அலுவலர் தோட்டத்தைப் பார்த்தபின் அடையாள அட்டை கிடைக்கும். விதைத்தவுடன் விண்ணப்பியுங்கள், அறுவடையன்று போய் நின்றால் பயனில்லை.

ஊறுகாய்க்கும் வற்றலுக்கும் கோவை, திருப்பூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகள் எங்களுக்குக் கைகொடுத்தன. காய்கறிப் பையோடு ஒரு பாக்கெட்டைச் சேர்த்து வாங்கிப் போகிறவர், அடுத்த வாரம் இரண்டாகக் கேட்கிறார். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவர்கள் மகளிர் திட்ட அலுவலகத்தில் கண்காட்சி அரங்குக்குப் பெயர் கொடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் கைப்பைக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. செய்தித்தாளில் உணவுப் பொருளைச் சுற்றுவதும் கூடாது. செக்கு எண்ணெய் விற்பவர்கள் கேனிலிருந்து ஊற்றிக் கொடுக்காதீர்கள், சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்பதற்கு விதியில் தடை உள்ளது.

11. கடனும் மானியமும்

ஆறு மாதமாவது விற்றுப் பார்த்த பிறகே இயந்திரத்துக்குக் கடன் கேளுங்கள். 2020இல் தொடங்கிய பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில் திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் பத்து லட்சம் ரூபாய் வரை மானியம் தரப்பட்டது. நம் பங்காகப் பத்து சதவீதம் போட வேண்டியிருந்தது. மானியம் கையில் வராது, வங்கிக் கடனோடு இணைந்தது என்பதால், முழுத் தொகைக்குமான தவணையைக் கட்டும் வலு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திட்டம் இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள், இலவசமாக வழிகாட்டுவார்கள்.

12. ஒவ்வொரு தொகுதிக்கும் இரண்டு பாட்டில்

அடைக்கும் ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு பாட்டிலை எடுத்துத் தேதி எழுதி அலமாரியில் வையுங்கள். அவற்றில் ஒன்றை மட்டும் மாதம் ஒருமுறை திறந்து நிறம், மணம், பிஎச் அளவு ஆகியவற்றை நோட்டில் குறியுங்கள். தாங்குவதைக் கண்ணால் பார்த்த காலத்தைவிடக் குறைத்தே லேபிளில் போடுங்கள்; ஆறு மாதம் தாங்கினால் நான்கு மாதம் என்று. பதிவு முடியும் நாள், தராசு முத்திரை நாள், தண்ணீர் சோதனை நாள் மூன்றையும் அதே அலமாரிக் கதவில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறோம். பதிவைப் புதுப்பிக்க நாங்கள் குறித்திருப்பது முடியும் நாளுக்கு மூன்று மாதம் முந்திய தேதி.